இடப்பக்கத்து மிதவை

பாம்பனிலிருந்து தூத்துக்குடிக்குப் பாய்மரப் படகில் வந்த ஒருவர், கரை சேர்ந்ததும் தன் ஆசானிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி அவருக்குள் எப்படி முளைத்தது என்று தெரிந்தால்தான் ஆசானின் பதில் விளங்கும்.

அவர் பெயர் சிவசைலம். ஐம்பத்தாறு வயது. நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். தாமிரபரணிக் கரையில் அவர் கால் படாத வரப்பு இல்லை என்பார்கள். நாற்பத்தேழாவது வயதில், அப்படி ஒரு வரப்பில் நடந்துகொண்டிருந்தபோதுதான் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. எம்.எஸ். என்றார் மருத்துவர். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் உறை அங்கங்கே அரித்துப்போகிற நோய். சிலருக்கு வரும், போகும், திரும்ப வரும். சிலருக்கு வந்தது போகவே போகாது. சிவசைலத்துக்குப் போகவில்லை. ஒன்பது வருடமாகக் கைத்தடி.

ஆசான் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். பெயர் பிளாவியா. பாய்மரப் படகோட்டச் சொல்லிக்கொடுப்பவர். பயிற்சிக்கு வந்த குளச்சல்காரர் ஒருவர் விளையாட்டாக ‘ஆசான்’ என்று கூப்பிட, அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஆசானுக்கும் அதே நோய்தான். கால்களை விட்டுவிட்டுக் கைகளைப் பிடித்துக்கொண்டது. விரல்களில் உணர்ச்சி கிடையாது. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் காப்பி குடிப்பார்.

இந்த நோய்க்காரர்கள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, மூன்று நாள் கடலில் போவதென்று ஆசான் முடிவு செய்தார். வெயில் ஏறினால் இவர்களுக்குக் கண் மங்கும், கால் துவளும். அதனால் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். வாடைக்காற்று முதுகுப்பக்கம் தள்ளும், படகு தென்மேற்கே தானாக ஓடும். துணைக்கு மிக்கேல் என்ற மீனவர் வந்தார்.

சிவசைலம் எட்டு மாதம் பயிற்சி எடுத்தவர். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. திசை பார்ப்பது அவர் பிழைப்பாகவே இருந்தது. சுக்கான் தனக்குத்தான் என்று அவர் நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் காலை, பாம்பனில் ஆசான் சொன்னார்: “சுக்கான் பெனாசிருக்கு. சிவசைலம் சார் முன்னால அணியத்துல உக்காந்து பாத்துச் சொல்லட்டும்.”

பெனாசிர் மேலப்பாளையத்துப் பெண். இருபத்தேழு வயது. பயிற்சிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு வந்து வந்து போகிற வகை. அப்போது போயிருந்த காலம். கைத்தடி இல்லாமல் நடந்தாள். படகில் ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறினாள். சிவசைலத்தை மிக்கேலும் இன்னொருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

அவர் ஆசானிடம் கேட்டார். “ஏன் அந்தப் பிள்ளைக்கு?”

“அவ கேட்டா. நீங்க கேக்கலையே சார்.”

அவர் அணியத்துக்கு நகர்ந்து போய் உட்கார்ந்தார்.

நல்ல உடம்புக்காரர்களைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டதில்லை. அவர்கள் வேறு சாதி. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனைப் பார்த்தால் பறவையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் இவளுக்கும் அதே நோய், அதே ஊசி, அதே மருத்துவர். ஒரே பந்தியில் உட்கார்ந்த இருவரில் ஒருத்தி இலையில் மட்டும் பாயசம். அது அவருக்குத் தாங்கவில்லை.

அன்று முழுக்க அவர் முன்னால் கடலைப் பார்த்ததைவிடப் பின்னால் அவளைப் பார்த்ததுதான் அதிகம். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள். கழுத்தில் சுற்றிக்கொள்ள ஈரத்துண்டை எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவருக்கும் கொடுத்தாள்.

“சார், பாம்பன் பாலத்துக்குக் கீழ நல்லாப் போனேனா?”

“ம்.”

“ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்களேன்.”

“போன.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இரவு கீழக்கரையில் தங்கினார்கள். மறுநாள் காலை வேம்பாருக்குக் கிளம்பினார்கள். பாய் வலப்பக்கம் விரிந்து நின்றது. காற்று நன்றாக இருந்தது. பதினொரு மணி சுமாருக்குச் சிவசைலம் ஒரு வெள்ளை மிதவையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இன்னொன்று. வலை. படகு நேராக அதன்மேல் போய்க்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

மிதவை இடப்பக்கம் இருக்கிறது. பாய் மறைப்பது வலப்பக்கத்தைத்தான். அவளுக்கே தெரியும். தெரியாவிட்டால் சுக்கான் பிடிக்க எதற்கு வந்தாள்? இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் நியாயங்கள் ஓடின. ஒரு நியாயத்துக்கும் அடுத்த நியாயத்துக்கும் நடுவில் கத்துவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அவர் கத்தவில்லை.

வலைக்கயிறு சுக்கானில் மாட்டியது. படகின் பின்பக்கம் நின்றுபோக, முன்பக்கம் சுழன்றது. காற்று பாயின் மறுபுறம் பிடித்துக்கொண்டது. பாயின் அடிமரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓங்கி அடித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த குளச்சல்காரரின் தொப்பியைத் தட்டிக் கடலில் எறிந்தது. அவர் எழுந்து நடக்க முடியாதவர், இருக்கையோடு பட்டை போட்டுக் கட்டப்பட்டிருந்தவர். இன்னும் நாலு விரற்கடை கீழே வந்திருந்தால் தொப்பியோடு தலையும் போயிருக்கும்.

ஆசானின் குரல் கேட்டது. “மிக்கேலண்ணே, பாயை எறக்குங்க.”

மிக்கேல் பாயை இறக்கிவிட்டுக் கத்தியோடு குதித்தார். ஆனால் வலையை வெட்டவில்லை. “எவன் வலையோ, அவன் வயித்துல அடிக்கக் கூடாது” என்று மூழ்கி மூழ்கி, அரைமணி நேரம் கையாலேயே பிரித்தெடுத்தார்.

பெனாசிர் சுக்கானை விட்டுக் கீழே உட்கார்ந்து அழுதாள்.

“எனக்குத் தெரியல டீச்சர். காலையில எந்திரிக்கும்போதே இடது கண்ணு மங்கிப்போச்சு. புகை மாதிரி இருக்கு. சொன்னா சுக்கானை வாங்கிடுவீங்கன்னு சொல்லல.”

நோய் திரும்ப வந்திருந்தது.

அதைக் கேட்டதும் சிவசைலத்துக்குள் ஒன்று துள்ளியது. அது மகிழ்ச்சி. கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஆனால் அது என்னவென்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நில அளவையில் ஒரு சாணுக்குக்கூடப் பொய் எழுதாதவர் அவர். இதற்கு வேறு பெயர் எழுத அவரால் முடியவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். கைகளைக் கட்டி உடம்பைக் குறுக்கிக்கொண்டார். குளச்சல்காரர், “குளிருதா சார்?” என்று தன் சால்வையை நீட்டினார். அதை வாங்கிக்கொள்ள அவர் கை எழவில்லை.

ஆசான் மருத்துவரிடம் போனில் பேசினார். மறுநாள் தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததும் ஊசி ஆரம்பிக்கலாம், அதுவரை ஈரத்துண்டு போட்டு உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர்.

வேம்பாரில் கரையிறங்கியபோது வெளிச்சம் இருந்தது. மற்றவர்கள் தங்குமிடத்துக்குப் போனார்கள். சிவசைலம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மணலில் ஆசான் முன் நின்றார்.

“நான் மிதவையைப் பாத்தேன்.”

ஆசான் நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்துட்டுச் சொல்லல. அவ தப்புப் பண்ணட்டும்னு இருந்தேன். அவளுக்குக் கண்ணு போச்சுன்னு கேட்டதும் ஒரு கணம் சந்தோசப்பட்டேன்.”

“அவகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல. உங்ககிட்டத்தான் முதல்ல...”

“எனக்கு எதுக்கு முதல்ல?” என்றார் ஆசான்.

சிவசைலம் தங்குமிடத்துக்கு நடந்தார். அரை பர்லாங் தூரம். மணலில் அவருக்கு அது அரைமணி நேரம். பெனாசிர் வாசலில் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினாள். அவர் நின்றபடியே சொன்னார். சந்தோசப்பட்டதையும் விடவில்லை.

அவள் கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

“அந்த மரம் குளச்சல் அண்ணன் தலையில பட்டிருந்தா?”

அவர் கைத்தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“நான்தான் கொன்னேன்னு நான் சாகுற வரைக்கும் நெனச்சிட்டிருப்பேன். நீங்களும் பாத்துட்டே இருந்திருப்பீங்க. இல்லையா?”

பார்த்துக்கொண்டே இருந்திருப்போமோ என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். நிச்சயமாக இல்லை என்று சொல்ல முடியவில்லை.

“போங்க சார். உங்க மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல.”

மூன்றாம் நாள் காலை, படகில் எல்லாரும் ஏறிய பிறகு ஆசான் சொன்னார்: “சுக்கான் பெனாசிருக்கு. பாத்துச் சொல்றது சிவசைலம் சார்.”

பெனாசிர் எழுந்துவிட்டாள். “இவரா? இவரை நம்பி நான் பிடிக்கணுமா?”

“ஆமா.”

“வேற ஆளே இல்லையா டீச்சர்?”

“இன்னைக்கு இந்தப் படகுல இவரைவிடக் கவனமாப் பாக்கப் போறவங்க யாருமில்ல.”

சிவசைலம் தலை குனிந்தபடி, “எனக்கு வேண்டாம்” என்றார்.

“உங்களை யாரும் கேக்கல” என்றார் ஆசான்.

மிக்கேல் பாயை ஏற்றினார். முதல் ஒருமணி நேரம் இருவர் பேச்சும் ஒற்றைச் சொற்களில் நடந்தது. “வலது.” “ம்.” “இன்னும்.” “ம்.” “போதும்.” மிதவை, பாறை, எதிரே வரும் விசைப்படகு, தண்ணீரின் நிறம் மாறுகிற இடம் என்று அவர் எதையும் விடவில்லை. ஒரு கடற்பறவை தண்ணீரில் உட்கார்ந்திருந்ததைக்கூடச் சொன்னார்.

“பறவையெல்லாம் எதுக்கு சார்?” என்றாள் அவள்.

“அது பறவைன்னு கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சது.”

குளச்சல்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் உச்சி வெயிலில் சிவசைலத்தின் தொண்டை கம்மியபோது, தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொண்டுபோகும்படி மிக்கேலிடம் சொன்னது அவள்தான்.

மாலை நாலு மணிக்குத் தூத்துக்குடி. கரையில் பெனாசிரின் அண்ணன் காரோடு காத்திருந்தார். மங்கிய கண்ணோடும் அவள் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்துத் தாவி இறங்கினாள். திரும்பிப் பார்த்து எல்லாருக்கும் கையசைத்தாள். அந்தக் கையசைப்பில் தானும் உண்டா என்று சிவசைலத்துக்குத் தெரியவில்லை. அவர் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களும் இறங்கினார்கள். படகில் அவரும் ஆசானும் மட்டும் இருந்தார்கள். மிக்கேல் தள்ளுவண்டி கொண்டுவரப் போயிருந்தார்.

“ஆசான், ஒண்ணு கேக்கணும்.”

ஆசான் பக்கத்தில் கிடந்த ஒரு கயிற்றை முழங்கையால் அவர் பக்கம் தள்ளினார். பாயை இழுத்துக் கட்டிய கயிறு. மூன்று நாள் காற்றும் உப்புநீரும் சேர்ந்து முடிச்சு கல்லாக இறுகியிருந்தது.

“இதை அவுத்துக்கிட்டே கேளுங்க.”

அவர் முடிச்சைக் கையில் எடுத்தார்.

“அவகிட்டச் சொன்னேன். திட்டினா, வாங்கிக்கிட்டேன். இன்னைக்குப் பகல் முழுக்க அவ கண்ணா இருந்தேன். அவளுக்குக் கண்ணு தெளியணும்னு நெஜமாவே வேண்டிக்கிட்டேன். எல்லாம் தீர்ந்துதுன்னு நெனச்சேன். இப்போ அவ தாவி எறங்கினா பாருங்க, இங்க மறுபடியும் சுருக்குன்னுது. நேத்து இருந்த அதே இடத்துல, அதே மாதிரி.” அவர் விரல்கள் முடிச்சின் ஒரு புரியைத் தளர்த்தி, அடுத்ததை நெம்பின. “இது எப்போ போகும்? எப்படிப் போகும்?”

பேசி முடித்தபோது முடிச்சு அவிழ்ந்திருந்தது. கயிற்றை நீட்டி உதறிச் சுருட்டி, ஆசானின் மடியில் வைத்தார்.

ஆசான் கயிற்றைப் பார்க்கவில்லை. சிவசைலத்தின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த விரலுங்களைப் பாத்து எட்டு மாசமா எனக்கு வயிறு எரியுது சார்.”

சிவசைலம் தன் கைகளைப் பார்த்தார். அவற்றை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“எட்டு மாசமும் நீங்கதானே எனக்கு ஒவ்வொரு முடிச்சாச் சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமா” என்றார் ஆசான். “எரிய எரியத்தான் சொல்லிக்கொடுத்தேன்.”