மகாவித்வான் பாடி முடிக்கும் வரை

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரக் கப்பல்கள் மிளகு வாங்க வந்துபோன ஒரு கடலோர நாட்டில் ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் அவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டால் அரண்மனையில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. புலவர் வாழ்த்துப்பா பாடத் தொடங்கிவிட்டால், முடித்துத் தாம்பூலம் வாங்கும்வரை ராஜா உட்பட ஒருவரும் அசையக் கூடாது. கொட்டாவிகூட விடக் கூடாது. மகாவித்வான் அகோரமூர்த்தி இந்த வழக்கத்தை நம்பித்தான் பிழைத்தார்.

ஒருநாள் கப்பல் தலைவன் விடைபெற வந்தான். மகாவித்வான் அவனுக்கும் ஒரு வாழ்த்துப்பா பாடினார். முடிந்ததும் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அதில் 'புட் அப் வித்' என்பது மட்டும் ராஜாவின் காதில் ஒட்டிக்கொண்டது.

“அதற்கு என்ன பொருள்?” என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் துபாஷிக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும் என்று இருமினான்.

மகாவித்வான் எழுந்தார். “புட் என்றால் வை. அப் என்றால் மேலே. வித் என்றால் கூட. என் பாட்டு தன்னையும் கூடவே தூக்கி மேலே வைத்துவிட்டது என்கிறான், மகாராஜா.”

விகடகவி வைரவன் சிரித்துவிட்டான். துறைமுகத்தில் திரிந்து நாலு வார்த்தை ஆங்கிலம் கற்றவன் அவன்.

மகாவித்வானுக்கு முகம் கறுத்தது. “இவருக்குத் தெரியுமென்றால் விளக்கட்டும். ஆனால் வாயைத் திறக்காமல் விளக்கட்டும். வாய் இருப்பதால்தானே இத்தனை நாளும் தப்பித்தார்?”

ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. “அப்படியே ஆகட்டும். நீ வாயைத் திறந்தாலோ, எனக்குப் புரியாமல் போனாலோ, பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும், வைரவா.”

வைரவன் வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவன் மெல்ல எழுந்து மகாவித்வான் முன்னால் போய்க் கைகூப்பினான். பாடுங்கள் என்று சைகை காட்டினான்.

பாடச் சொல்லி அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. மகாவித்வானுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு ராஜாவின் கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார்.

பாட்டு குதிரைகளுக்கு வந்தது. பிறகு யானைகளுக்கு வந்தது. ஒவ்வொரு யானைக்கும் தனித்தனியாகப் பெயர் இருந்தது. ராஜாவின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. கால் மரத்துப்போயிற்று. சமையல்கட்டிலிருந்து நெய் வாசனை வந்து, காத்திருந்து, போய்விட்டது. மந்திரி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்.

ஒருவழியாகத் தாம்பூலம் கைமாறியது. வைரவன் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து ராஜாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

ராஜா வெகுநேரம் பார்த்தார்.

“பொறுத்துக்கொள்வது,” என்றார்.

துபாஷி இருமலை விட்டுவிட்டுத் தலையாட்டினான். “அதேதான், மகாராஜா. 'உங்கள் ஊர் வெயிலைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இதை எப்படித் தினமும் பொறுத்துக்கொள்கிறீர்கள்?' என்றுதான் அவர் கேட்டார்.”

மகாவித்வான் 'தினமும்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நாளைக்கான பாட்டை யோசிக்கத் தொடங்கினார்.

ராஜா சிம்மாசனம் ஆடச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வைரவன் கழுத்தில் போட்டார். “வேறென்ன வேண்டும்? இப்போது வாயைத் திறக்கலாம்.”

“என் ஆசனத்தை அந்தப் பெரிய தூணுக்குப் பின்னால் போட உத்தரவாக வேண்டும், மகாராஜா.”

“அது மட்டும் முடியாது,” என்றார் ராஜா. “அங்கே சிம்மாசனத்தைப் போடலாம் என்றிருக்கிறேன்.”