இடியாப்பம் மூடிய குவளை

அந்தக் காலத்தில் ஈயும் பேசும். யானை, எறும்பு எல்லாம் அதனதன் சொந்தக் குரலில் பேசின. ஈக்கு மட்டும் சொந்தக் குரல் கிடையாது. கடவுள் குரலைப் பங்கு வைத்த அன்று அது எங்கோ எச்சில் இலையில் உட்கார்ந்திருந்ததாம். பந்திக்குப் பிந்தியவனுக்கு என்ன கிடைக்கும்? பேச வேண்டுமென்றால் அது அடுத்தவர் குரலைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது மணப்பாட்டுக் கரையில் தொம்மை என்றொரு கப்பல் சமையல்காரன் இருந்தான். அவன் மனைவி சலேத். அவள் பாடினால் கஞ்சி குடிக்கிறவன் கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிடுவான். தொம்மையின் கப்பல் திரும்பும் நாட்களில் அவள் கரையில் நின்று பாடுவாள். "எங்களுக்கெல்லாம் கரை கண்ணுக்குத் தெரியும், தொம்மைக்குக் காதுக்குத் தெரியும்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

ஒரு பயணத்தில் கப்பல் ஸ்பெயின் தேசத்துத் துறைமுகம் ஒன்றில் நங்கூரம் போட்டது. உச்சி வெயில். தொம்மை ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரி பெயர் ரெமேதியோஸ். கேட்காமலே சின்னச் சின்னத் தட்டுகளாகக் கொண்டுவந்து அடுக்கினாள். பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் கொதிக்கக் கொதிக்க இறால். உப்பில் ஊறிய ஆலிவ் காய். கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட அடை. திராட்சை ரசம் ஊற்றிய குவளையின் வாயை ஒரு ரொட்டித் துண்டு மூடியிருந்தது, அதன்மேல் ஒரு உப்பு மீன். அந்தத் தீனிக்குத் தாப்பாஸ் என்று பெயர். அவர்கள் பேச்சில் அதற்கு மூடி என்று பொருளாம்.

தொம்மை நாலு தட்டைக் காலி செய்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். கடை நிறைய ஆட்கள் இருந்தும் பாதிப் பேர் வாய் திறக்கவில்லை. கையாலேயே கேட்டார்கள், கையாலேயே பதில் சொன்னார்கள். ஆனால் பேச்சு மட்டும் கேட்டது. ஒரு பெண் சிரித்தாள், யாரோ ஜெபம் சொன்னார், ஒரு கிழவன் இருமினான். எல்லாம் சுவரிலிருந்து வந்தது. சுவரில் ஈக்களைத் தவிர யாருமில்லை.

"அதோ மூலையில் இருப்பவன் என் அண்ணன்" என்றாள் ரெமேதியோஸ். ஈயே பேசும் காலத்தில் பாஷை ஒரு தடையா, தொம்மைக்கு எல்லாம் புரிந்தது. "சுவரில் இருமுவதும் அவன்தான். மூடாத குவளையில் ஈ வாய் வைத்துவிட்டால், அதைக் குடிக்கிறவர் குரல் ஈக்குப் போய்விடும். அதனால் மூடியைத் தின்றதும் ஒரே மூச்சில் குடித்துவிடு."

"போனது திரும்பாதா?"

"திரும்பும். அந்த ஈயையே குவளைக்குள் விட்டு அழுத்தி மூடினால், எடுத்ததையெல்லாம் கக்கிவிடும். அதைக் குடித்தால் குரல் வரும். ஆனால் மூடிக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. நானும் நின்றேன். உள்ளேயிருந்து என் அண்ணன் கெஞ்சினான். கையை எடுத்துவிட்டேன்."

தொம்மை மூடியைத் தின்று, ரசத்தை ஒரே மூச்சில் குடித்தான். ஆனாலும் நாக்குக்கு வெட்கமேது? எல்லாப் பக்குவத்தையும் கேட்டுக்கொண்டு, ஒரு ஜாடி ஆலிவ் காயும் வாங்கிக்கொண்டு கப்பலேறினான்.

நடுக்கடலில் இரண்டு முறை ஜாடிக்குள் யாரோ இருமுவது போலிருந்தது. 'உப்புக்காற்று காதை அடைக்கிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஊர் வந்த மறுநாள் பகலிலேயே தொம்மையும் சலேத்தும் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். வீட்டிலிருந்த கிண்ணங்கள், சிரட்டைகள் எல்லாம் தட்டுகளாயின. தொம்மை ஆலிவ் ஜாடியைத் திறந்துவைத்தான். இறால் தேங்காயெண்ணெயில் வெந்தது. கிழங்கு சேப்பங்கிழங்கு ஆயிற்று. திராட்சை ரசத்துக்குப் பதில் பதநீர். குவளையை மூடத்தான் ரொட்டி இல்லை. சுற்றிலும் பார்த்தான். காலையில் அவித்த இடியாப்பம் இருந்தது. வட்டமாக, குவளை வாய்க்கு அளவெடுத்தது போல. ஒன்றை எடுத்து மூடி, மேலே ஒரு நெத்திலிக் கருவாட்டை வைத்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான்.

ஊரெல்லாம் சுற்றி வந்த சமையல்காரனுக்கு, இடியாப்பம் முழுக்க ஓட்டை என்பது தோன்றவில்லை.

"இத்தனை சின்னத் தட்டா? சொப்பு வச்சு விளையாடுதீங்களா?" என்று சிரித்தாள் சலேத். இடியாப்பத்தைத் தின்றாள். பதநீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மேலே உத்தரத்திலிருந்து வந்தது. "நல்லாருக்குங்க."

அவள் குரலேதான். பிறகு ஒரு கிழவனின் இருமல்.

மூன்று நாள் அந்த ஈ உத்தரத்தில் உட்கார்ந்து சலேத்தின் பாட்டுகளை ஒன்று விடாமல் பாடியது. அவள் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். தொம்மை தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். வேலியில் போன ஓணானை ஜாடியில் போட்டுக் கொண்டுவந்தவன் அவன்தானே!

நான்காம் நாள் மறுபடி பதநீர் ஊற்றினான். மறுபடி இடியாப்பத்தால் மூடினான். பழகிய வழி, ஈ பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தது. உடனே உள்ளங்கைக் கனத்தில் தட்டிய கேழ்வரகு ரொட்டியை மேலே வைத்து அழுத்திக்கொண்டான்.

"ஏங்க, மூச்சு முட்டுது" என்றது குவளை. "எடுங்க. நான் உங்க சலேத்து இல்லையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலேத் எடுக்க வேண்டாமென்று தலையாட்டினாள். அவன் கைமேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

"தண்ணி இழுக்குதுங்க. என்னை விட்டுட்டுப் போவாதீங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அப்போது உள்ளே அது பாட ஆரம்பித்தது. கரையில் நின்று அவள் பாடும் பாட்டு. குரல் தேயத் தேயப் பாடியது. முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடியில் குரல் அமுங்கியபோது தொம்மைக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுதபடி ரொட்டியை விலக்கிவிட்டான்.

ஈ வெளியே பறந்தது. அதற்குள் அது பாதியைத்தான் கக்கியிருந்தது. சொற்கள் பதநீரில் தங்கிவிட்டன. ராகம் ஈயோடு போய்விட்டது.

சலேத் குவளையைப் பிடுங்கிக் குடித்தாள். "ஏன் தொறந்தீங்க?" என்று கேட்டாள். ஏற்றமும் இறக்கமும் இல்லாத, தட்டையான கேள்வி.

அதன்பிறகு அவள் நெடுங்காலம் வாழ்ந்தாள், பேசினாள், சண்டையும் போட்டாள். ஆனால் அரையடிப் பாட்டுகூட வரவில்லை. தூங்கும்போது சில சமயம் இருமுவாள். அது அவள் இருமல் அல்ல. தொம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அடுத்த பயணம் போய்த் திரும்பும்போது கப்பலில் எல்லோரும் கரையைக் கண்டுவிட்டார்கள். தொம்மை மட்டும் அடுப்படியில் தலைகுனிந்து நின்றான். அவன் காதருகே ஒரு ஈ ராகம் இழுத்தபடி வந்து சுற்றியது. கூட இருந்தவன் துண்டை ஓங்கினான். தொம்மை அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிக்காத. கரை வந்துட்டு" என்றான்.

அன்று முதல்தான் ஈக்கு வார்த்தை இல்லை, ராகம் மட்டும். விட்டுவந்த சொற்களைத் தேடித்தான் அது நம் காதருகே வந்து பாடுகிறது. மூடாத குவளையைக் கண்டால் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கெஞ்சுகிறது.