புகைக்கூடத்துக்கு வந்த பாதிரியார்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் டூன்மாரா என்று ஒரு சின்ன மீன்துறை. நாற்பது வீடுகள், ஒரு மாதா கோயில், ஒரு பப். துறைக்கு மேலே மேட்டில் கல்லால் கட்டிய புகைக்கூடம் ஒன்று. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் அதில் மீனுக்கு உப்பிட்டு, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிட்டு, விற்றுப் பிழைத்துவந்தது.

ஒரு பிப்ரவரி மாதம் அந்த வீட்டு மகன் கஹால் படகோடு காணாமல் போனான். பதினோரு நாள் தேடினார்கள். படகின் பலகைகள் இரண்டு கரை ஒதுங்கின. ஆள் கிடைக்கவில்லை.

தேடுவதை நிறுத்திய அன்று பங்குத்தந்தை மாலக்கி அந்த வீட்டுக்குப் போனார். அறுபது வயது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இறந்தவர்களை அடக்கம் செய்தவர். கஹாலின் மனைவி நெஸ்ஸா அடுக்களையில் நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயதுக்காரி.

"அவர் எங்கே, ஃபாதர்?" என்று கேட்டாள்.

"கடவுள் தன் தோட்டத்தில் நல்ல பூவைத்தான் முதலில் பறிக்கிறார், நெஸ்ஸா," என்றார் மாலக்கி.

எத்தனையோ வீடுகளில் அவர் சொல்லிவந்த வார்த்தை அது. கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் வாய்விட்டு அழுவார்கள். நெஸ்ஸா இரண்டும் செய்யவில்லை.

"கஹாலா? பூவா?" என்றாள்.

அதில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள். மாலக்கி ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில் பிரசங்கம் செய்ய எழுந்தார். வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. ஜனங்கள் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிஷப் அவரை ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். வேறு ஒரு பாதிரியார் பக்கத்து ஊரிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் ஒரு காலை மாலக்கி புகைக்கூடத்தின் கதவைத் தட்டினார். நெஸ்ஸா கையில் கத்தியோடு வந்து திறந்தாள்.

"எனக்கு இங்கே வேலை வேண்டும்," என்றார்.

நெஸ்ஸா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மீன் அறுக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"உப்புப் போட?"

"தெரியாது."

"விடிகாலையில் எழுந்திருக்கவாவது தெரியுமா?"

"அது தெரியும்."

அவள் உள்ளே போய் ஒரு ரப்பர் மேலங்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கஹால் போனதிலிருந்து அங்கே இரண்டு கைகள் குறைந்திருந்தன. மாமனார் ஃபெர்கஸுக்கு எண்பது வயது. அடுப்பருகே உட்கார்ந்து மரத்தூளைக் கனியவிட்டுப் பார்த்துக்கொள்வார். அதற்குமேல் அவரால் முடியாது.

முதல் நாளே மாலக்கி பேச்செடுத்தார்.

"நெஸ்ஸா, அன்று உங்கள் வீட்டில் நான் சொன்னதற்கு..."

"அந்தக் கூடையை இப்படி இழுங்கள், ஃபாதர்."

அவர் இழுத்துக் கொடுத்தார். மறுநாள் மறுபடி ஆரம்பித்தார். "தண்ணீர் மாற்ற வேண்டும்," என்றாள். நாலைந்து தடவை இப்படி ஆன பிறகு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வேலையைக் கற்றுக்கொண்டார். கானாங்கெளுத்தியை முதுகோடு கீறி முள்ளை எடுப்பது, தடித்த இடத்தில் உப்பை அதிகமாகவும் வால்பக்கம் கொஞ்சமாகவும் தூவுவது, கழுவுவது, கம்பியில் கோத்து ஈரம் காயத் தொங்கவிடுவது. விரல்களெல்லாம் வெடித்து உப்பில் எரிந்தன. வெடித்த இடத்தில் நெஸ்ஸா கொடுத்த களிம்பைப் பூசிக்கொண்டு மறுபடி உப்பில் கையை விடுவார். பேசாமல் செய்கிற வேலை என்பதால் அவருக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

ஜூலையில் ஒரு நாள் நெஸ்ஸா டவுனுக்குப் போயிருந்தாள். ஃபெர்கஸ் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். கம்பிகளில் நாற்பது மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் வருவதற்குள் ஒரு வேலையை முடித்து வைக்கலாமே என்று மாலக்கி எல்லாவற்றையும் புகையறைக்குள் தள்ளிக் கதவை அடைத்துவிட்டார்.

ஈரம் காயாத மீனில் புகை பிடிக்காது. மறுநாள் வெளியே எடுத்தபோது மீனெல்லாம் கரி வழிந்த கோடுகளோடு, கறுத்துக் கிடந்தது.

"வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான்... ஃபெர்கஸ் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. மேலே தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது..." மாலக்கி சொல்லிக்கொண்டே போனார்.

நெஸ்ஸா முழுவதையும் கேட்டாள். பிறகு ஒரு மீனை எடுத்து இரண்டாக வெட்டினாள். ஒரு துண்டை அவரிடம் கொடுத்து, மற்றதைத் தான் கடித்தாள்.

"கசக்கிறது," என்றார் மாலக்கி.

"ஆமாம்," என்றாள்.

மீதியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாலக்கியும் எதற்கும் சமாதானம் சொல்வதை விட்டார்.

ஆனால் ஒரு கேள்வி அவருக்குள் அரித்துக்கொண்டேயிருந்தது. ஒரு நாள் மீன் அறுத்துக்கொண்டிருக்கையில் கேட்டுவிட்டார்.

"இது அவரைக் கொண்டுபோன கடல். அதிலிருந்து வருகிற மீனைத் தினமும் தொட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?"

நெஸ்ஸா கத்தியைத் துடைத்தாள்.

"பன்னிரண்டு மணியானால் ஃபெர்கஸுக்குப் பசிக்கும், ஃபாதர்."

மாலக்கி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. எழுந்து போய் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினார்.

ஆகஸ்ட் கடைசியில் லோர்கன் என்ற மீனவன் புகைக்கூடத்துக்கு வந்தான். வழக்கமாக மீன் பெட்டியோடு வருபவன், அன்று ஒரு பழைய ரப்பர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். வலையில் அகப்பட்டது என்றான்.

நெஸ்ஸா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். பூட்ஸை வாங்கினாள். உள்ளே இருந்த மணலைக் கொட்டினாள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தன் முன்கையோடு வைத்து அளந்தாள்.

"அவருடையது இல்லை," என்றாள். "அவருக்குக் கால் பெரிது."

லோர்கன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், போய்விட்டான்.

நெஸ்ஸா மேசைக்குத் திரும்பி உப்புப் போட ஆரம்பித்தாள். எதிரே மாலக்கி நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவர் கவனித்தார். அவள் ஒரே மீனுக்கு இரண்டாவது தடவை உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றாவது தடவை. கை அதன் பாட்டுக்குப் போய்வந்தது. கண் அங்கே இல்லை.

பழைய மாலக்கியாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. இப்போது அவர் கையை நீட்டி அந்த மீனை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். தொட்டித் தண்ணீரில் உப்பு போகக் கழுவினார். துடைத்து அவள் முன்னால் திரும்ப வைத்தார். அவள் உப்பிட்டாள். அவர் இழுத்துக் கழுவினார். இப்படி எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் கை நின்றது. நிமிர்ந்து, அவர் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மூன்று கோப்பையில் தேநீர் ஊற்றினாள். ஃபெர்கஸுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அதுவரை மாலக்கி தன் தேநீரைத் தானே ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

அக்டோபரில் டெக்லன் இறந்தான். அந்தப் புகைக்கூடத்தின் மீன் பெட்டிகளை டவுன் கடைகளுக்கு ஏற்றிப்போகும் வேன்காரன். நாற்பத்தைந்து வயது. காலையில் வேனில் ஏறி உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

மறுநாள் அவனை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். நெஸ்ஸா புகைபோட்ட மீன் நாலு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டாள்.

"கிளம்புங்கள், ஃபாதர்," என்றாள்.

"நான் வந்து என்ன செய்ய? என்னால் ஒரு ஜெபம்கூடச் சொல்ல முடியாது."

"பொட்டலம் இரண்டைத் தூக்குங்கள்."

வீடு நிறைய ஜனம். டெக்லனின் மனைவி ஓர்லா சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். மாலக்கி உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. எல்லாருடைய கண்களும் அவர்மேல். பேச்சிழந்த பாதிரியார் என்று ஊரே அறியும்.

நெஸ்ஸா நேரே அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் நடுக்கூடத்தில் தனியாக நின்றார்.

ஓர்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேற்று முட்டை இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், ஃபாதர். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் ஃபாதர்? ஏன் இப்படி?"

மாலக்கியின் நாக்கின் நுனிக்குப் பழைய பதில்கள் வந்து வரிசையில் நின்றன. மாதக்கணக்கில் வராத சொற்கள் அத்தனையும் அந்தக் கணத்தில் வந்துவிட்டன. பூவும் இருந்தது அதில். வாயைத் திறந்தால் போதும், தங்குதடையின்றிப் பேசியிருப்பார்.

அவர் அவள் முன்னால் தரையில் மண்டியிட்டார். வெடித்து உப்பேறிய தன் கைகளுக்குள் அவள் கையை எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியவில்லை, ஓர்லா," என்றார்.

ஓர்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் உடைந்தது. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கதறினாள். அவர் அசையாமல் இருந்தார். முழங்கால் மரத்துப்போயிற்று. அப்போதும் அசையவில்லை.

அவள் ஓய்ந்த பிறகு எழுந்தார். சுவரோரமாக டெக்லனின் வயதான அத்தை ஒருத்தி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். இன்னும் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் பக்கத்து வீட்டுக்குப் போய் நாற்காலி கேட்டார். இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் தீர்ந்ததும் அதற்கடுத்த வீடு. பதினாறு நாற்காலிகள். கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனார். நெஸ்ஸா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும் வேளையில் இருவரும் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பி நடந்தார்கள். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. கீழே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

புகைக்கூடத்தின் கூரை கண்ணில் பட்டதும் மாலக்கி நின்றார்.

"நெஸ்ஸா, இந்த ஒரு தடவை மட்டும் வேலை எதுவும் சொல்லாமல் எனக்குப் பதில் சொல்லுங்கள்."

அவளும் நின்றாள்.

"அன்று உங்கள் அடுக்களையில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

நெஸ்ஸா கடலைப் பார்த்தாள். பதில் சொன்னபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"நீங்கள் பூவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ஃபெர்கஸ் கீழே பாறைமேல் நின்று இன்னும் மகனைத் தேடிக்கொண்டிருந்தார், ஃபாதர். நல்ல மழை. அவருடைய கோட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது."