நாச்சம்மாள் தண்ணியில் முக்கிய கோழி

முட்டை வித்துப் பிழைக்கலாம் என்று முடிவு பண்ணியதும் நாச்சம்மாள் நேராகப் போனது கோகிலவாணியிடம்தான். அவளுக்கு வயது முப்பது, நாச்சம்மாளுக்கு ஐம்பத்தெட்டு. இருந்தால் என்ன? கோழி விஷயத்தில் அந்தப் பக்கம் கோகிலவாணி சொன்னால் சொன்னதுதான்.

“எந்தக் கோழி வாங்கட்டும், அம்மணி?”

“பண்ணை வெள்ளையில நாலு, நாட்டுக்கோழியில நாலு வாங்குங்க. ஒரு மாசம் போனா நீங்களே சொல்லுவீங்க.”

மாசம் முடிவதற்குள் நாச்சம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“வெள்ளை தங்கமானது. தெனமும் போடுது. நாட்டுக்கோழிதான் மானத்தை வாங்குது. பதினஞ்சு முட்டை வெச்சுட்டு ஒண்ணு அடை படுத்துருச்சு. எழுப்பினா கொத்துது. அடை தெளியட்டும்னு மூணு நாளாத் தண்ணியில முக்கி எடுத்தேன். மூக்குல இறகுகூடக் குத்திப் பாத்துட்டேன். வித்துப்போடட்டுமா?”

கோகிலவாணி பத்துப் பன்னிரண்டு முட்டையைக் கூடையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

வீட்டில் நாச்சம்மாளின் மகள் மைதிலி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் கோழி நனைந்த உடம்போடு வெறுங்கூடையில் படுத்திருந்தது. வைத்த முட்டையெல்லாம் கடைக்குப் போய்விட்டது. அது தெரியாமல் கிடந்தது, பாவம். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

கோகிலவாணி அதன் மூக்கிலிருந்த இறகை எடுத்துவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

“இது எத்தனை நாளைக்கு இப்படியே கிடக்கும்?” என்றாள் நாச்சம்மாள்.

“பொரிக்க இருபத்தோரு நாள். அப்புறம் குஞ்சுங்க தனியா மேயற வரைக்கும் கூடவே திரியும். எல்லாம் சேத்தா மூணு மாசம் ஆயிருங்க.”

“அத்தனை நாள் சும்மா தீனி போட்டா எனக்குக் கட்டுமா? திங்கக்கிழமை வந்தாத்தான் வேலைன்னு மைதிலிக்கு மில்லுல இருந்து ஆள் விட்டுட்டாங்க. முட்டை ஓடினாத்தான் போகாதடின்னு நான் தைரியமாச் சொல்ல முடியும்.”

“கடைக்கு வெள்ளையே போதுங்கக்கா. இன்னும் நாலு வாங்கிக்கலாம்.” கோகிலவாணி உள்ளே பார்த்தாள். “மைதிலியை எத்தனை நாள் வீட்டுல வெச்சுக்கலாம்னு இருக்கீங்க?”

“பச்சை உடம்பு அம்மணி. பிள்ளைக்கு இன்னும் தலைகூட நிக்கலை. ஒரு மூணு மாசமாச்சும் அதோட இருக்கட்டும்.”

கோகிலவாணி கொண்டுவந்த முட்டைகளை ஒவ்வொன்றாகக் கோழிக்கு அடியில் வைத்தாள். அது கொத்தவில்லை.

“இதுவும் அதேதாங்கக்கா கேக்குது.”