ஆறாம் கட்டம்

சிதம்பரதாணு மலையடி ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கையில் ஒரு தடித்த கோப்பு. வீட்டு டிவிக்கு ஒரு டிஷ் வைக்க இத்தனை காகிதமா என்று பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஆசிரமத்தை நடத்தும் குருவம்மா அவரைவிடப் பத்து வயது இளையவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, முகம் வாடிக் கிடக்கு?”

“மொட்டை மாடியில டிஷ் வைக்க அனுமதி கேட்டு நாலு மாசமா ஹவுசிங் போர்டு ஆபீசுக்கு அலையுதேன் அம்மா. செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். கிளார்க்கு இன்ஜினியரைப் பாருங்கான். இன்ஜினியர் மாடி வரைபடம் கொண்டாங்கான். வரைபடம் அதே ஆபீஸ் பீரோவுலதான் இருக்கு, எடுத்துத் தரமாட்டேங்கான். இன்னைக்கு மூணாவது தடவையா மனுவைத் திருப்பிட்டான். இவனுக மேல கோபப்படாம இருக்கது எப்படி?”

அவர் ஒன்றும் சினிமா பார்க்க டிஷ் கேட்கவில்லை. மகன் வேலப்பன் வேலை பார்த்த கப்பலைக் கடற்கொள்ளையர் பிடித்து நாலரை மாதம். மாலுமிகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒரு செய்திச் சேனலில் அவ்வப்போது சொல்கிறார்கள். அவர் வீட்டு டிவியில் அந்தச் சேனல் வராது.

குருவம்மா மனுவை வாங்கிப் பார்த்தாள்.

“ஆறாம் கட்டம் காலியா இருக்கே. ‘எதற்காகத் தேவை’ன்னு கேட்டிருக்கான்.”

“மறந்துட்டேன்.”

“மூணு தடவையுமா?”

அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் தாணுவுக்குப் பேனா நகராது.

“பஸ் ஸ்டாப் டீக்கடையில அந்தச் சேனல்தானே பகல் முழுக்க ஓடுது?”

“ஆமா.”

“அந்த வழியாத்தானே வந்தீங்க?”

“இல்லம்மா. தோப்பைச் சுத்தி வந்தேன்.”

தோப்பு வழி ரெண்டு மைல் கூடுதல். தாணு காகிதக் கோப்பை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குருவம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“வாங்க அண்ணாச்சி. ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்.”

“நீங்கதான் டீ குடிக்கமாட்டீங்களே அம்மா.”

“குடிக்கமாட்டேன்தான்” என்றாள் குருவம்மா. “எனக்கும் பயமாத்தான் இருக்கு. கையைப் பிடிச்சுக்கிடுங்க.”