பீலிராயர் அனுப்பிய அலை

ஒரு காட்டில் பெரிய குளம் ஒன்று இருந்தது. குளம் என்று இருந்தால் அதற்கு ஒரு தலைவர் வேண்டாமா? பீலிராயர் என்ற மயில்தான் தலைவர். அவருக்கு நீந்தத் தெரியாது. ஆனால் தோகை பெரியது. அந்தக் காட்டில் தலைவராக அது போதும்.

அங்கே ஒரு வழக்கம். குளத்தில் எது நடந்தாலும் முதலில் பீலிராயரிடம் சொல்ல வேண்டும். அவர் பாறைமேல் நின்று உத்தரவு போடுவார். அதைக் கொக்கு கீரியிடம் சொல்லும். கீரி முயலிடம் சொல்லும். முயல் எதிர்க்கரையில் நிற்கும் எருமையிடம் சொல்லும். உத்தரவு மட்டும் குளத்தைச் சுற்றி ஓடும். நின்ற இடத்தைவிட்டு யாரும் நகர மாட்டார்கள்.

ஒரு நாள் பலத்த காற்றில் பாக்கு மட்டை ஒன்று பிய்ந்து குளத்தில் விழுந்தது. அதில் தூங்கிக்கொண்டிருந்த அணில்குட்டியும் அதோடு போய்விட்டது. மட்டையை நடுக்குளம்வரை தள்ளிவிட்டுக் காற்றும் நின்றுவிட்டது.

தாய் அணில் அதைப் பார்த்துவிட்டது. பாறைக்கு ஓடியது.

"ஐயா, என் பிள்ளை! அந்த மட்டையில் விரிசல் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் அமிழ்ந்துவிடும்!"

"பதறாதே," என்று பீலிராயர் கழுத்தை நீட்டினார். "எதிர்க்கரையில் தண்ணீரை அடித்தால் அலை எங்கே வரும்? இந்தக் கரைக்கு. வருகிற வழியில் உன் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடும். எப்படி?"

"ஆஹா!" என்றது கொக்கு. புரிந்தாலும் புரியாவிட்டாலும் அது அதைத்தான் சொல்லும்.

உத்தரவு ஓடியது. எருமை எதிர்க்கரையில் நின்று குளம்பால் தண்ணீரை அடித்தது. தொப்! தொப்! அலைகள் புறப்பட்டன.

"வருகிறது! வருகிறது!" என்று எல்லாரும் கூவினார்கள்.

வந்தது அலை மட்டும்தான். மட்டை ஒருமுறை ஏறியது, ஒருமுறை இறங்கியது, பழைய இடத்திலேயே கிடந்தது.

"பார்த்தாயா, அசைகிறது!" என்றார் பீலிராயர்.

"அசைகிறது ஐயா, வரவில்லையே!"

"அடி போதவில்லை. ஓங்கி அடிக்கச் சொல்!"

எருமை ஓங்கி அடித்தது. மட்டைக்குள் தண்ணீர் தெறித்தது. "அம்மா!" என்று குட்டி கத்தியது.

தாய் அணில் தவித்துப்போய்க் குனிந்தது. காலடித் தண்ணீரில், ஒரு கல்லுக்கு எதிரே புங்க இலை ஒன்று மிதந்தது. அலை வந்து இலையைத் தூக்கியது, இறக்கியது, தன்பாட்டுக்குப் போனது. இலை மட்டும் அதே கல்லுக்கு எதிரே நின்றது. அடுத்த அலை வந்தது. அப்போதும் அதே கல்தான்.

'அட! தண்ணீர் இருந்த இடத்தில்தான் துள்ளுகிறது. துள்ளல்தான் பக்கத்துத் தண்ணீருக்குக் கைமாறிப் போகிறது. நம் தலைவர் உத்தரவு மாதிரியே!'

அணில் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கொக்கைக் கேட்கவில்லை, கீரியைக் கேட்கவில்லை. குளத்தைச் சுற்றி ஒரே ஓட்டமாக எருமையிடம் ஓடியது.

"எருமை அண்ணே, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"நல்ல கேள்வி! பாதி நாள் தண்ணீருக்குள்தானே கிடக்கிறேன்."

"அப்படியானால் போய் என் பிள்ளையைத் தூக்கி வரக் கூடாதா?"

எருமை அடிப்பதை நிறுத்தியது. "அடிக்கத்தானே சொன்னார்கள்? போகச் சொல்லவில்லையே!"

"நான் சொல்கிறேன். போங்கள் அண்ணே!"

எருமை இறங்கி நீந்தியது. மட்டை மூழ்கும் நேரத்தில் கொம்பை நீட்டியது. குட்டி தாவிப் பற்றிக்கொண்டது. கரை சேர்ந்ததும் தாய் அதைக் கட்டிக்கொண்டு அழுதது.

பீலிராயர் அன்றுதான் பாறையைவிட்டு இறங்கி, எதிர்க்கரைக்கே நடந்து வந்தார்.

"பார்த்தீர்களா, என் அலையின் வேலையை!"

"ஆஹா!" என்றது கூடவே வந்த கொக்கு.

பெருமை தாங்காமல் அவர் தோகையை விரித்துச் சிலிர்த்தார். இருப்பதிலேயே நீளமான பீலி உதிர்ந்தது. மறுபடி எழுந்த காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் நடுக்குளத்தில் போட்டது.

"ஐயோ, என் பீலி! எருமையே, நீந்திப் போ, எடுத்து வா!"

"அண்ணனுக்கு எதற்கு ஐயா வீண் சிரமம்?" என்றது அணில். "நல்ல பெரிய அலையாக ஒன்று அனுப்புங்கள்."

"உத்தரவு ஐயா!" என்று எருமை கரையில் நின்றபடியே ஓங்கி அடித்தது.

பீலி ஏறியது, இறங்கியது. கரைக்கு மட்டும் வரவில்லை.

நீதி: அசைவதெல்லாம் நகர்வதாகாது, காரியம் நடக்க வேண்டுமானால் யாராவது இறங்க வேண்டும்.