கங்குத்தீவுக்குப் போகும் வழி

கரையில் நின்று பார்த்தால் கங்குத்தீவு கைக்கெட்டும் தூரம்தான். கடலுக்கு நடுவே கருகிய மலை ஒன்று, அதன் உச்சியில் எந்நேரமும் புகை. விடியற்காலைக் காற்றில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். ஆனால் இறங்குவதுதான் பெரும்பாடு. சுற்றிலும் பாறை. இறங்க ஒரே இடம், கரிய மணல் சரிந்து கிடக்கும் சின்னத் துறை. அங்கே அலை கரைக்கு மிக அருகில் வந்துதான் எழும்பும். எழும்பினால் படகைப் புரட்டாமல் விடாது.

இந்தக் கரையில் இடும்பன் சாமியின் மடம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். சீடராக வருகிறவர் தம் அடுப்பைத் தாமே மூட்ட வேண்டும். அந்த நெருப்பைக் கங்குத்தீவின் மலைவெடிப்பிலிருந்து தம் கையாலேயே கொண்டுவர வேண்டும். அதுவரை அவர் விருந்தாளி. சாமியே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பார். தீவுக்கு வழி சொல்லும் வழக்கம் மட்டும் கிடையாது.

செங்கமலம் வந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் விருந்தாளிதான். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டு அடுப்படியில் பாதி ஆயுளைத் தேய்த்தவள் அவள். தனக்கென்று ஓர் அடுப்பு மூட்டத்தான் அங்கிருந்து கிளம்பி வந்தாள். இங்கேயும் அடுத்தவர் கைக் கஞ்சிதான் என்றால் தொண்டையில் இறங்குமா?

போன வருஷம் தீவுக்குப் போனாள். துறை கண்ணில் பட்டதும் ஆவேசமாகத் துடுப்புப் போட்டாள். பின்னாலிருந்து வந்த அலை படகின் வாலைத் தூக்கி ஒரு திருப்பு திருப்பியது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கரை திரும்பினாள்.

"சாமி, தீவுக்கு எப்படிப் போறது?"

"கஞ்சி ஆறுது. முதல்ல குடி."

இந்த வருஷம் மறுபடியும் போனாள். தீவின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், இன்னும் வேகமாக. படகின் பக்கப்பலகை தெறித்ததுதான் மிச்சம்.

"சாமி, எப்படித்தான் போறது?"

சாமி எழுந்து வெளியே போனார். கொதிக்கும் கலயத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வழக்கம்போல் முதுகால் கதவைத் தள்ளி உள்ளே வந்தார். கலயத்தை அவள் முன் வைத்தார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சாமி."

"சொல்லியாச்சே."

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷருக்குக் கஞ்சியை விட்டால் வேறு நினைப்பே கிடையாதா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். படகைச் செப்பனிட்டு முடிப்பதற்குள் தீவுக்குப் போகத் தோதான காற்றுப் பருவமும் முடியப் பார்த்தது.

நாளைக்குக் காற்று திரும்பிவிடும் என்ற நிலையில், விடிந்தும் விடியாததுமாக அண்ணன் வடமலை வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இந்தப் பருவத்துக்குள் முடியாவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"மூட்டையைக் கட்டு தங்கச்சி. உங்க அண்ணி ஒண்டியா அல்லாடுறா."

"இன்னும் ஒரு பகல் இருக்குண்ணே."

"கடல்ல விழுந்து சாகவா?"

அண்ணன் வீட்டு அடுப்படியின் கரிச்சுவர் அவள் கண்முன் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து வடமலையின் முழங்கையில் இடித்தது. கலயத்தோடு சாமியின் முதுகு உள்ளே வந்தது.

"என்ன சாமி, நேரா வரத் தெரியாதா உங்களுக்கு?"

"கதவைப் பார்த்துக்கிட்டு வந்தா கஞ்சியை யாருப்பா பார்க்கறது?"

செங்கமலம் சாமியின் முதுகைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஒரு துளிகூடச் சிந்தாத கலயத்தைப் பார்த்தாள்.

"அடிப்பாவி!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு கடலை நோக்கி ஓடினாள்.

தீவின் துறைக்குச் சற்று முன்னால், அலை எழும்பும் இடத்துக்கு இப்பாலேயே, நங்கூரக் கல்லை இறக்கினாள். கயிற்றைப் படகின் மூக்கில் சுற்றிக்கொண்டாள். பிறகு படகைத் திருப்பினாள். மூக்கு கடலுக்கு, வால் தீவுக்கு. இரண்டு வருஷமாக ஏங்கிய தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார மனசு வரத்தான் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலை வந்தது. இந்தத் தடவை அதன் முகத்தையே பார்த்தாள். கயிற்றை இறுக்கினாள். மூக்கு ஏறி இறங்கியது. அலை போனதும் கொஞ்சம் கயிறு விட்டாள். அடுத்தது வந்தது, இறுக்கினாள். போனது, விட்டாள். கை தோல் உரிந்து எரிந்தது. தீவு எங்கே இருக்கிறது என்ற நினைப்பே போய்விட்டது. வாலுக்கடியில் மணல் கரகரவென்றது.

திரும்பினாள். மலை தலைக்கு மேலே நின்றது.

செங்கமலம் கரிமணலில் குதித்துக் கத்தினாள். கேட்க ஆள் இல்லாத தீவில் தொண்டை கட்டும்வரை கத்தினாள், சிரித்தாள், அழுதாள். சூடு பாதத்தைச் சுட, மலைவெடிப்பருகே ஏறித் கையோடு கொண்டுவந்த தென்னைநார்க் கயிற்றுத் துண்டை உள்ளே விட்டாள். நுனி கனன்றது. அதை மண்சட்டியில் வைத்துக்கொண்டு இறங்கினாள். மூக்கு கடலைப் பார்த்தே நின்ற படகு, கயிற்றை இழுக்க இழுக்கச் சமர்த்தாக வெளியே வந்தது.

வெயில் சாய்வதற்குள் மடத்தில் அவள் அடுப்பு எரிந்தது. அவளே உலை வைத்தாள். சாமியும் வடமலையும் அவள் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது. கொதிக்கும் கலயத்தோடு அவள் முதுகு உள்ளே வந்தது.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி?" என்றாள்.

"தினம் சொன்னேன். நீ கஞ்சியைத்தான் பார்த்தே."

வடமலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தங்கையின் முகத்தை இப்படி அவர் பார்த்ததே இல்லை. வண்டி வெறுமனேதான் திரும்பும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

"அப்போ சாமி, இனிமே இவ உங்க சிஷ்யைதானே?"

சாமி தன் வெறும் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி அவள் பக்கம் நீட்டினார்.

"அதை இவகிட்டக் கேளுப்பா. நான் இவ வீட்டுக்கு வந்த விருந்தாளி."